விழுப்புரம் மாவட்டத்தில் நகர்பேசி இதழியல்

நகர்பேசி இதழியல் என்பது செய்தியைத் திரட்டுதல், படம்பிடித்தல், தொகுத்தல், வெளியிடுதல் ஆகிய பணிகளை நகர்பேசி ஒன்றையே முதன்மைக் கருவியாகக் கொண்டு செய்யும் இதழியல் முறையாகும். நகர்பேசி என்பது செல்பேசி, கைபேசி, அலைபேசி என்றும் வழங்கப்படுகிறது. சமூக ஊடகங்கள் பரவிய பின்னர் இப்பணிகளைச் செய்தியாளர் அல்லாத பொதுமக்களும் செய்யத் தொடங்கினர். அவ்வாறு பொதுமக்கள் செய்யும் பகுதி குடிமக்கள் இதழியல் எனப்படும்.

இம்மாற்றம் பெரும்பாலும் சென்னை, தில்லி போன்ற பெருநகரங்களின் தொலைக்காட்சி நிலையங்களை வைத்தே பேசப்படுகிறது. ஆயினும் இதன் விளைவைக் கூர்ந்து காணத்தக்க இடம் மாவட்டமும் வட்டமுமே ஆகும். ஏனெனில் ஒரு சிறு நகரத்தின் செய்தியை வெளியுலகுக்குச் சொல்பவர் முன்பு இருவரோ மூவரோதான். இன்று அங்கு நகர்பேசி வைத்திருக்கும் எவரும் அதைச் செய்யலாம். இக்கட்டுரை விழுப்புரம் மாவட்டத்தையும் அதன் அண்டைப் பகுதிகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்மாற்றத்தை விளக்குகிறது.

பின்னணி

விழுப்புரம் மாவட்டம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்து 1993 செப்டம்பர் 30 அன்று பிரிக்கப்பட்டது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரை, கிழக்கே மரக்காணம் கடற்கரையில் இருந்து மேற்கே கல்வராயன் மலை வரை இம்மாவட்டம் பரந்திருந்தது. இத்தகைய பரப்பில் நடப்பவற்றை நாளிதழ்களுக்கு அனுப்பும் பொறுப்பு மாவட்டத் தலைநகரில் இருந்த செய்தியாளரிடமும், திண்டிவனம், செஞ்சி, திருக்கோவிலூர் போன்ற வட்டத் தலைநகரங்களில் இருந்த பகுதிநேரச் செய்தியாளர்களிடமும் இருந்தது.

தமிழ் நாளிதழ்களைப் பொறுத்தவரை பகுதிநேரச் செய்தியாளர் என்பவர் பெரும்பாலும் வேறு ஒரு தொழில் உடையவர். நாளிதழின் விற்பனை முகவரே செய்தியாளராக இருப்பதும், விளம்பரம் பிடித்துத் தருவதும் வழமை. மாதச் சம்பளம் இராது. வெளியான செய்தியின் அளவைப் பொறுத்துச் சிறு தொகை வழங்கப்படும். செய்தியை அஞ்சலிலோ தொலைபேசியிலோ, அவசரமெனில் தந்தியிலோ அனுப்புவர். ஒளிப்படம் என்றால் படச்சுருளை உறையில் இட்டு, சென்னைக்கோ புதுச்சேரிக்கோ செல்லும் பேருந்தின் நடத்துநரிடம் கொடுத்து அனுப்புவதும் உண்டு. திண்டிவனம் சென்னை, விழுப்புரம், புதுச்சேரி, திருவண்ணாமலை ஆகிய ஊர்களின் சாலைகள் சந்திக்கும் இடம் என்பதால், அவ்வூர்ச் செய்தியாளருக்குப் பேருந்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பின்னர் தொலைநகல் வந்தது. அதன் பின்னர் கணினி நடுவங்களில் இருந்து மின்னஞ்சல் அனுப்பும் வழக்கம் வந்தது. இந்தியத் தந்திச் சேவை 2013 சூலையில் முற்றாக நிறுத்தப்பட்டபோது செய்தியாளர்களுள் அதை நினைத்துப் பார்த்தவர் மிகச் சிலரே.

இம்முறையில் ஒரு குறையும் ஒரு நன்மையும் இருந்தன. செய்தியாளர் கண்ணில் படாதது, அல்லது அவர் எழுத விரும்பாதது, மாவட்டத்துக்கு வெளியே நிகழாததாகவே இருந்தது. நன்மை என்னவெனில், அச்சுக்குப் போகுமுன் செய்தியைக் குறைந்தது இரண்டு பேராவது படித்தனர். காவல் நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ ஒருமுறை தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யப் போதிய நேரமும் இருந்தது.

நகர்பேசியின் வருகை

இந்தியாவில் முதல் நகர்பேசி அழைப்பு 1995 சூலை 31 அன்று கொல்கத்தாவில் இருந்து தில்லிக்குச் செய்யப்பட்டது. 2003இல் உள்வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் நீக்கப்பட்ட பின்னரே நகர்பேசி சிறு நகரங்களில் பரவியது.

செய்தியை விரைந்து சேர்ப்பதில் தொலைபேசிக்கு உள்ள ஆற்றலை இப்பகுதி மிக நெருக்கமாகக் கண்டது 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையின்போதாகும். புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவ ஊரில் எம். எசு. சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் ஓர் ஊரக அறிவு நடுவத்தை அமைத்திருந்தது. கடல் நிலை, மீன்வளம் பற்றிய தகவல்களை அறிவிக்க அங்கு ஒலிபெருக்கி அமைப்பும் இருந்தது. சிங்கப்பூரில் பணிபுரிந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் பேரலைச் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசினார். ஊரார் நடுவத்தின் ஒலிபெருக்கி வழியாக எச்சரித்து மக்களைக் கடற்கரையில் இருந்து வெளியேற்றினர். வெளிநாட்டில் ஒரு தொலைக்காட்சி, இடையில் ஒரு தொலைபேசி, ஊரில் ஓர் ஒலிபெருக்கி: இச்சங்கிலியில் செய்தித்தாளும் இல்லை, செய்தியாளரும் இல்லை. இருப்பினும் ஒரு செய்தி செய்ய வேண்டிய பணியை அது செய்தது. அழைத்தவர் யார் என்று ஊருக்குத் தெரியும், அறிவித்தவர் யார் என்றும் தெரியும் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

படக்கருவி உள்ள நகர்பேசிகள் உலக அளவில் செய்தித்துறையை மாற்றத் தொடங்கியதும் இக்காலத்திலேயே. 2005 சூலை 7 இலண்டன் குண்டுவெடிப்பின்போது சுரங்கத் தொடருந்தில் இருந்த பயணிகள் நகர்பேசியில் எடுத்த படங்களைச் செய்தி நிறுவனங்கள் வெளியிட்டன. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலின்போது டுவிட்டர் தளத்தில் நேரடித் தகவல்கள் குவிந்தன. 2009 சனவரியில் நியூயார்க்கின் அட்சன் ஆற்றில் வானூர்தி இறங்கியபோது அதன் புகழ்பெற்ற முதல் படம் ஒரு படகுப் பயணியின் நகர்பேசியில் இருந்து டுவிட்டரில் வெளியானது.

ஆனால் விழுப்புரம் மாவட்டத்தில் இவை உடனே சாத்தியமாகவில்லை. அதற்கு இரண்டு தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு. முதலாவது அலைவரிசை வேகம். 30 நொடி ஓடும் ஒரு காணொளி சுமார் 5 மெகாபைட் அளவுடையது எனக் கொள்வோம். பழைய ஜிபிஆர்எஸ் இணைப்பில் நொடிக்கு 40 கிலோபிட் வேகம் கிடைத்தால் அதை அனுப்ப 1000 நொடிகள், அதாவது ஏறத்தாழ 17 நிமிடங்கள் ஆகும். இடையில் இணைப்பு அறுந்தால் மீண்டும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். 4ஜி இணைப்பில் நொடிக்கு 5 மெகாபிட் கிடைத்தாலே அதே காணொளி 8 நொடிகளில் சென்றுவிடும். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கி, தரவுக் கட்டணம் வெகுவாகக் குறைந்ததே சிற்றூர்களில் காணொளி பெருகியமைக்கு முதன்மைக் காரணம் எனலாம்.

இரண்டாவது காரணம் எழுத்துரு. நாளிதழ்கள் நெடுங்காலம் தத்தமக்கென வெவ்வேறு எழுத்துக் குறிமுறைகளைப் பயன்படுத்தின. நகர்பேசியிலோ தமிழ் எழுத்துகள் கட்டங்கட்டமாகத் தெரிந்தன. முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்னும் செயலி 2005இல் வெளியாகி நகர்பேசியில் தமிழில் எழுத வழிசெய்தது. ஒருங்குறி பரவி, 2010களின் முற்பகுதியில் நகர்பேசி இயங்குதளங்கள் தமிழைச் சரிவரக் காட்டத் தொடங்கிய பின்னரே, செய்தியாளர் ஒருவர் நிகழ்விடத்தில் நின்றபடியே முழுச் செய்தியையும் தமிழில் எழுதி அனுப்ப முடிந்தது. இதழியல் வரலாறுகளில் இச்சிறு செய்தி பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

செய்தியாளர் பணியில் ஏற்பட்ட மாற்றம்

இன்று மாவட்டச் செய்தியாளரின் காலைப்பொழுது வாட்சப் குழுக்களைப் பார்ப்பதில் தொடங்குகிறது. மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம், காவல்துறை, அரசியல் கட்சிகள், சங்கங்கள் எனப் பலவும் தத்தம் செய்திக்குறிப்புகளையும் படங்களையும் இக்குழுக்களிலேயே இடுகின்றன. ஆட்சியர் அலுவலகத்துக்கு நேரில் சென்று குறிப்பைப் பெற வேண்டிய தேவை குறைந்துவிட்டது. திண்டிவனத்தில் இருப்பவருக்கு இது ஒரு நாளின் பாதியை மிச்சப்படுத்துகிறது என்பது உண்மை. அதே வேளையில், ஒரே குறிப்பு ஒரே சொற்களில் எல்லா இதழ்களிலும் வெளியாவதும் இதனாலேயே. அலுவலகத்துக்கு நேரில் செல்பவர் வாயிலில் மனுவுடன் காத்திருக்கும் மக்களையும் காண்பார். அவர்களுள் ஒருவரிடமிருந்தே அன்றைய நல்ல செய்தி கிடைப்பதுண்டு. வாட்சப் குழுவில் அந்த வாயில் இல்லை.

பணிச்சுமையும் கூடியுள்ளது. முன்பு எழுத்துக்கு ஒருவர், படத்துக்கு ஒருவர் என இருந்தது மாறி, ஒருவரே செய்தி எழுதி, ஒளிப்படம் எடுத்து, இணையத்துக்குக் காணொளி அனுப்பி, தேவைப்பட்டால் நேரலையிலும் பேச வேண்டியுள்ளது. இதற்கேற்ப ஊதிய முறை மாறியதாகச் சொல்ல இயலாது. 1955ஆம் ஆண்டின் உழைக்கும் இதழாளர் சட்டம் இதழியலை முதன்மைத் தொழிலாகக் கொண்டு செய்தித்தாள் நிறுவனத்தில் பணிபுரிபவரையே இதழாளர் என வரையறுத்தது. வேறு தொழில் செய்துகொண்டு செய்தி அனுப்பிய பகுதிநேரச் செய்தியாளர் பலர் அதன் காப்புக்கு வெளியே நின்றனர். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு மின்னணு ஊடகத்திலும் எண்ணிம ஊடகத்திலும் பணிபுரிவோரை வரையறைக்குள் சேர்த்தது. ஆனால் முதன்மைத் தொழில் என்னும் சொல் அதிலும் தொடர்கிறது.

மற்றொரு புறம், செய்தித்தாள் எதிலும் இல்லாத உள்ளூர் யூடியூப் செய்தி அலைவரிசைகள் தோன்றியுள்ளன. ஒரு நகர்பேசி, ஒரு முக்காலி, சட்டையில் மாட்டும் ஒலிவாங்கி ஆகியவை போதும். யூடியூப் விளம்பர வருவாயைப் பெற 2018 முதல் 1000 சந்தாதாரரும் ஓராண்டில் 4000 மணிநேரப் பார்வையும் தேவை என்னும் விதி உள்ளது. இவ்விதி செய்தியின் வடிவத்தையே மாற்றவல்லது. குடிநீர்க் குழாய் உடைப்பைப் பற்றிய இரண்டு நிமிடக் காணொளியை விட, ஒரு சண்டையைப் பற்றிய இருபது நிமிடக் காணொளி பார்வை மணிநேரத்தை விரைவில் சேர்க்கும். நாளிதழின் ஆசிரியர் குழு செய்த தெரிவை இங்கு ஒரு கணக்கீட்டு முறை செய்கிறது. இவ்வலைவரிசைகளுள் பொறுப்புடன் செயற்படுவனவும் உண்டு. நாளிதழ்கள் இடம் தராத சிற்றூர்ப் பிரச்சினைகளை அவை வெளிக்கொணர்ந்ததையும் மறுக்க இயலாது.

பெஞ்சல் புயல், 2024

நகர்பேசி இதழியலின் வலிமையும் வரம்பும் ஒருசேர வெளிப்பட்ட நிகழ்வு 2024ஆம் ஆண்டின் பெஞ்சல் புயலாகும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த இப்புயல், கரையேறிய பின்னர் பல மணிநேரம் ஏறத்தாழ நகராமல் நின்றது. இதனால் விழுப்புரம் மாவட்டத்தில் வரலாறு காணாத மழை பெய்தது; மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவில் மழை பதிவானது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடைப்பட்ட தொடருந்துப் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால், சென்னையையும் தென் மாவட்டங்களையும் இணைக்கும் தொடருந்துகள் பல இரத்து செய்யப்பட்டன. திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள சாத்தனூர் அணையில் இருந்து டிசம்பர் 2 அதிகாலையில் நொடிக்கு 1.68 இலட்சம் கன அடி நீர் தென்பெண்ணை ஆற்றில் திறக்கப்பட்டது. அரசூர்ப் பகுதியில் சென்னை–திருச்சிராப்பள்ளி தேசிய நெடுஞ்சாலை வெள்ளத்தில் மூழ்கிப் போக்குவரத்து நின்றது.

சாலையும் தொடருந்தும் நின்ற நிலையில் வெளியூர்ச் செய்தியாளர் எவரும் எளிதில் வர முடியாது. மாவட்டத்தின் முதல் படங்கள் பெரும்பாலும் மக்களின் நகர்பேசிகளில் இருந்தே வந்தன. தொலைக்காட்சிகள் அவற்றை எடுத்து ஒளிபரப்பின. முன்னாளில் மறுநாள் நாளிதழில் ஓர் ஒளிப்படமாக வந்திருக்கக்கூடியது, அன்று நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே பார்க்கப்பட்டது.

ஆயினும் இங்கு ஒரு தொழில்நுட்ப உண்மையைக் கருத்தில் கொள்ள வேண்டும். நகர்பேசிக் கோபுரம் மின்சாரம் நின்ற பின் மின்கலத்தில் சில மணிநேரமும், அதன் பின் டீசல் மின்னாக்கியிலும் இயங்குவது. சாலை மூழ்கினால் டீசல் வராது. கோபுரம் இயங்கினாலும் மக்களின் நகர்பேசிக்கு மின்னேற்ற வழி இராது. ஆகவே பேரிடரின்போது மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஊரில் இருந்தே மிகக் குறைவான காணொளிகள் வரக்கூடும். காணொளிகளின் எண்ணிக்கையை வைத்துச் சேதத்தை மதிப்பிடுபவர், பாதி நனைந்த நகரத்தைப் பார்த்துவிட்டு முழுதும் மூழ்கிய சிற்றூரை விட்டுவிடுவார். எந்த ஊரில் இருந்து படம் வரவில்லை என்று கணக்கெடுத்து அங்கு செல்வது செய்தியாளரின் பணியாகிறது. இதற்கு மாவட்டத்தின் ஊர்ப்பெயர்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

டிசம்பர் 3 அன்று அரசூரை அடுத்த இருவேல்பட்டில், நிவாரணம் வரவில்லை எனச் சாலை மறியல் செய்த மக்களைப் பார்க்கச் சென்ற அப்போதைய வனத்துறை அமைச்சர் க. பொன்முடி மீதும் உடன் சென்றவர்கள் மீதும் சேறு வீசப்பட்டது. சில நொடிகளே ஓடும் அக்காணொளி மாநிலம் முழுதும் பரவியது. பெஞ்சல் புயல் என்றதும் பலருக்கும் இன்று நினைவுக்கு வருவது அக்காட்சியே. ஆனால் அவ்வூரார் சினத்தின் பின்னே இருந்த கேள்வி சேற்றைப் பற்றியதன்று. சாத்தனூரில் இருந்து நீர் திறக்கப்படுவது பற்றிய எச்சரிக்கை ஆற்றோர ஊர்களுக்கு உரிய நேரத்தில் சென்றதா என்பதே அது. உரிய முன்னறிவிப்பு இல்லை என எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. ஐந்து முறை எச்சரிக்கை விடுக்கப்பட்டது என அரசு விடையளித்தது.

இரண்டு கூற்றுகளும் ஒருங்கே உண்மையாக இருக்கவும் வாய்ப்புண்டு. எச்சரிக்கை விடுக்கப்படுதல் வேறு, அது சென்று சேர்தல் வேறு. இதை அறிய வேண்டுமெனில் அணையில் எந்த மணிக்கு எவ்வளவு நீர் திறக்கப்பட்டது என்னும் பதிவேடு வேண்டும்; மாவட்ட நிர்வாகத்துக்கு அச்செய்தி சென்ற நேரம் வேண்டும்; அணையில் இருந்து வெள்ளம் திருக்கோவிலூரையும் அரசூரையும் அடைய எத்தனை மணிநேரம் ஆயிற்று என்னும் கணக்கு வேண்டும்; கிராம நிர்வாக அலுவலரோ ஊராட்சியோ ஒலிபெருக்கியில் அறிவித்தனரா என ஊர் ஊராகக் கேட்க வேண்டும்; குறுஞ்செய்தி வந்ததெனில் அவ்வேளையில் அங்கு அலைவரிசை இருந்ததா எனப் பார்க்க வேண்டும். இவற்றுள் எதுவும் ஒரு காணொளியில் கிடைக்காது. நகர்பேசி செய்தியாளரிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன நடந்தது என்று முதலில் சொல்லும் பணியை. அதனால் எஞ்சிய ஏன், எவ்வாறு என்னும் வினாக்கள் எளிதாகிவிடவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் நல்லவாட்டில் ஓர் அழைப்பும் ஓர் ஒலிபெருக்கியும் செய்த பணியை, பன்மடங்கு கருவிகள் உள்ள 2024இல் எது செய்தது, எது செய்யத் தவறியது என்பது இன்னும் விரிவாக ஆராயத்தக்கது.

அரசியல் நிகழ்வுகளின் நேரலை

திண்டிவனத்தை அடுத்த தைலாபுரத்தில் பாட்டாளி மக்கள் கட்சியின் நிறுவனர் ச. இராமதாசின் இல்லம் உள்ளது. அங்கு நடக்கும் செய்தியாளர் சந்திப்புகள் இப்பகுதிச் செய்தியாளர்களுக்கு நெடுநாளாகப் பழக்கமானவை. 2024 டிசம்பர் 28 அன்று புதுச்சேரியை ஒட்டிய பட்டானூரில் நடந்த அக்கட்சியின் பொதுக்குழுவில், இளைஞர் அணித் தலைவர் நியமனம் குறித்து இராமதாசுக்கும் அவருடைய மகன் அன்புமணிக்கும் மேடையிலேயே கருத்து வேறுபாடு எழுந்தது. அது ஒலிவாங்கியிலேயே கேட்டது. உடனே காணொளியாகப் பரவியது. முற்காலத்தில் இத்தகைய உட்கட்சிப் பிணக்குகள் பெயர் சொல்ல விரும்பாத நிர்வாகி ஒருவரின் வாய்வழியாகக் கிடைத்து, மறுப்பும் மறுநாள் வெளியாகும். காணொளி அந்த மறுப்புக்கு இடமில்லாமல் செய்துவிட்டது.

2024 அக்டோபர் 27 அன்று விக்கிரவாண்டியை அடுத்த வி. சாலையில் நடந்த தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநில மாநாடு வேறொரு வகை. அது நேரலையில் முழுமையாகப் பார்க்கக் கிடைத்தது. ஒரு கட்சி தன் நிகழ்வைத் தானே ஒளிபரப்ப வல்லதாகும்போது, எந்தக் கோணத்தில் கூட்டத்தைக் காட்டுவது என்பதும் அதன் கையிலேயே இருக்கிறது. மேடைக்கு வெளியே குடிநீர், வாகன நெரிசல், மயங்கி விழுந்தோர் ஆகியவற்றைப் பார்க்க வேறு ஒரு கண் தேவைப்படுகிறது.

வதந்தியும் அதன் விலையும்

நகர்பேசி வழியாகப் பரவும் பொய்ச் செய்தி வெறும் எரிச்சல் தரும் ஒன்றன்று. 2018இல் குழந்தை கடத்தும் கும்பல் வந்துள்ளதாக வாட்சப் வதந்தி வடதமிழகத்தில் பரவியது. மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி உறவினருடன் வந்த சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி ஒருவர், சிறுவர்களுக்கு இனிப்புக் கொடுத்ததற்காகக் கடத்தல்காரர் என ஐயுறப்பட்டு, கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். உடன் வந்தவர்களும் காயமடைந்தனர். அவ்வாண்டு இந்தியாவின் வேறு பல மாநிலங்களிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்ததைத் தொடர்ந்து, வாட்சப் நிறுவனம் 2018 சூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு கட்டுப்பாடு விதித்தது.

2022 சூலையில் கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூரில் தனியார் பள்ளி மாணவி ஒருவர் இறந்ததை அடுத்து, வாட்சப் குழுக்கள் வழியாகத் திரட்டப்பட்ட கூட்டம் சூலை 17 அன்று அப்பள்ளியைத் தாக்கியது, பேருந்துகள் எரிக்கப்பட்டன. புலனாய்வு நடக்கும்போதே சமூக ஊடகங்களில் இணை விசாரணை நடத்தும் போக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. இறப்பைப் பற்றிக் கேள்வி எழுப்புவது பெற்றோரின் உரிமை, இதழியலின் கடமையும் கூட. ஆனால் உடற்கூறாய்வு அறிக்கை வருமுன்னரே தீர்ப்புக் கூறும் காணொளிகள் அக்கேள்விக்கு விடை காண உதவவில்லை.

2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் வட மாநிலங்களில் பரவின. வேறு மாநிலங்களில் வேறு காரணங்களுக்காக நடந்த மோதல்களின் காட்சிகளும் அவற்றில் இருந்தன. பீகார் அரசின் அலுவலர் குழு தமிழ்நாட்டுக்கு வந்து பார்த்துச் சென்றது. மொழி தெரியாத ஊரின் காணொளியை எவ்வளவு எளிதில் நம்ப வைக்கலாம் என்பதற்கு இது சான்று.

சரிபார்க்கும் முறை

ஒரு காணொளி உண்மையா என்று பார்க்கையில் முதலில் கேட்க வேண்டியது, அது எங்கு, எப்போது எடுக்கப்பட்டது என்பதே. முற்றிலும் புனையப்பட்ட காணொளிகளை விட, பழைய காணொளியைப் புதியது என்றும், ஓர் ஊரின் காணொளியை மற்றோர் ஊருடையது என்றும் சொல்வதே பரவலாகக் காணப்படும் பொய்யாகும். காணொளியின் சில சட்டகங்களைப் படமாக எடுத்துப் படவழித் தேடலில் இட்டால், அது முன்பே வெளியானதா எனப் பெரும்பாலும் தெரிந்துவிடும். கடைப் பலகைகள், பேருந்தின் தட எண், வாகனப் பதிவெண், நிழலின் திசை, பேசுவோரின் வட்டார வழக்கு ஆகியவையும் உதவும். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்படும் குரலும் காட்சியும் பெருகியுள்ள நிலையில் இக்குறிப்புகள் மட்டும் போதுமானவை அல்ல. எடுத்தவரைக் கண்டு பேசுவதே உறுதியான வழி.

எடுத்துக்காட்டாக, திண்டிவனம் கிடங்கல் ஏரி உடைந்துவிட்டது என்று ஒரு காணொளி வருவதாகக் கொள்வோம். சென்னையில் அமர்ந்திருக்கும் சரிபார்ப்பாளர் அதை ஆராய ஒரு மணிநேரம் எடுக்கலாம். திண்டிவனத்துச் செய்தியாளர் கரையைப் பார்த்ததும் அது கிடங்கல் ஏரியா, அன்றா என்று சொல்லிவிடுவார். ஐயம் இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிடுவார். உள்ளூர் அறிவு என்பது மிகச் சிறந்த சரிபார்ப்புக் கருவி. அதை உடையவர்களுக்கே இத்துறையில் மிகக் குறைந்த ஊதியம் வழங்கப்படுகிறது என்பது முரண்.

தமிழில் யூடர்ன் போன்ற தளங்கள் செய்தி சரிபார்ப்பைத் தனிப்பணியாகச் செய்கின்றன. தமிழ்நாட்டு அரசும் 2023இல் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை அமைத்தது. அரசைப் பற்றிய செய்தியை அரசே சரிபார்ப்பது முறையா என்ற வினா உண்டு. ஒன்றிய அரசு தனக்கென இத்தகைய பிரிவை அமைக்க வழிசெய்த விதித்திருத்தத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் செல்லாது என அறிவித்தது.

சட்டம்

நகர்பேசியில் செய்தி வெளியிடும் எவரும் இதழாளருக்குரிய சட்டப் பொறுப்புகளுக்கு உட்பட்டவரே. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட சிறுவர் சிறுமியரின் பெயர், முகவரி, ஒளிப்படம், பள்ளி, குடும்ப விவரம் ஆகியவற்றை எந்த ஊடகத்திலும் வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடைசெய்கிறது. இது நாளிதழுக்கு மட்டும் உரியது எனப் பலர் தவறாகக் கருதுகின்றனர். பெயரை நீக்கிவிட்டுப் பெற்றோரின் முகத்தைக் காட்டும் யூடியூப் காணொளியும் இப்பிரிவின்கீழ் வரும்.

மறுபுறம், சட்டம் பேச்சை ஒடுக்கவும் பயன்பட்டுள்ளது. 2012 அக்டோபரில் ஒன்றிய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி டுவிட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியைச் சேர்ந்த தொழில்முனைவர் ஒருவர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் கைது செய்யப்பட்டார். அப்பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று செல்லாது என அறிவித்தது. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. வதந்தியைத் தடுக்க என்று செய்யப்படும் துண்டிப்பு, வதந்தியை மறுக்கும் செய்தியையும் சேர்த்தே தடுக்கிறது. இணையத் துண்டிப்பு ஆணைகள் வெளியிடப்பட வேண்டும், காலவரையின்றி நீடிக்கக் கூடாது என 2020 சனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆவணப்படுத்தல்

அச்சில் வெளியாகும் நாளிதழ்களை நூலகங்களுக்கு அளிக்க 1954ஆம் ஆண்டின் நூல்கள், செய்தித்தாள்கள் அளிப்புச் சட்டம் வழிசெய்கிறது. சென்னை கன்னிமாரா நூலகம் அவ்வாறு பெறும் நூலகங்களுள் ஒன்று. 1993இல் விழுப்புரம் மாவட்டம் உருவான நாளின் செய்தியை ஓர் ஆய்வாளர் இன்றும் அங்கு தேடலாம். 2024 டிசம்பர் வெள்ளத்தின் காணொளிகளுக்கு அத்தகைய இடம் இல்லை. அவற்றுள் பல வாட்சப்பில் மட்டுமே சுற்றின. நகர்பேசியை மாற்றும்போதும் நினைவகம் நிறையும்போதும் அவை அழிந்துவிடுகின்றன.

இவற்றைச் சேகரிக்க விரும்பும் செய்தியாளரோ மாணவரோ கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. வாட்சப்பில் வழக்கமான முறையில் அனுப்பப்படும் படமும் காணொளியும் சுருக்கப்படுகின்றன; எடுத்த நாள், நேரம், இடம் ஆகிய உட்குறிப்புகளும் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. அதே கோப்பை ஆவணமாக இணைத்து அனுப்பச் சொன்னால் மூலத் தரமும் உட்குறிப்புகளும் மாறாமல் வரும். நகர்பேசியில் கடிகாரம் தவறாக இருந்திருக்கலாம் என்பதால், எடுத்தவரிடம் கேட்டு நாள், மணி, ஊர், நின்ற இடம் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைப்பது நலம். எடுத்தவரின் பெயரை வெளியிட அவருடைய ஒப்புதலையும் அப்போதே பெற்றுக்கொள்ள வேண்டும்.